பிங்க் ரிப்பன் போட்ட பொருளை வாங்கினால் பணம் யாருக்குப் போகிறது?

அக்டோபர் பிறந்துவிட்டால் போதும், அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டுகளின் நிறமே மாறிவிடும். தயிர் டப்பா, சூப் டின், லிப்ஸ்டிக், ஷூ லேஸ் என எதை எடுத்தாலும் ஒரு மூலையில் சின்னதாக ஒரு பிங்க் ரிப்பன் இருக்கும். அது மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதம். 'இதை வாங்கினால் அந்த நோயோடு போராடும் பெண்களுக்கு நீங்களும் உதவுகிறீர்கள்' என்பதுதான் அந்த ரிப்பன் சொல்லாமல் சொல்லும் செய்தி.

இந்தப் பழக்கம் இப்போது நம் ஊர் அலுவலகங்கள் வரைக்கும் வந்துவிட்டது. அக்டோபரில் ஒரு நாள் 'பிங்க் டே' என்று எச்.ஆரிடமிருந்து மெயில் வரும். எல்லோரும் பிங்க் டிரெஸ்ஸில் வருவார்கள். குரூப் போட்டோ, லிங்க்டுஇன் போஸ்ட், கப் கேக். மறுநாள் எல்லாம் மறந்துபோகும்.

'நல்ல காரியம்தானே, இதுல என்ன தப்பு?' என்று கேட்கத் தோன்றும். அதற்கான பதில் மூன்று சின்னக் கேள்விகளுக்குள் இருக்கிறது. அந்த ரிப்பனைப் பார்த்துக் கொடுத்த பணத்தில் எவ்வளவு போனது? யாருக்குப் போனது? எதற்குப் போனது? கடந்த 30 ஆண்டுகளாக அமெரிக்காவில் நோயாளிகளே இதைக் கேட்டு வருகிறார்கள். அவர்களுக்குக் கிடைத்த பதில்கள் பல நேரங்களில் இனிமையாக இல்லை.

ரிப்பன் எங்கே தொடங்கியது?

நோய்க்கும் ரிப்பனுக்கும் முதலில் எந்தச் சம்பந்தமும் இல்லை. 1979-ல் ஈரான் தலைநகர் தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரக ஊழியர்கள் பிணைக் கைதிகளாகப் பிடிக்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவரான தூதரக அதிகாரி புரூஸ் லெயிங்கனின் மனைவி, கணவர் திரும்பி வரும்வரை இருக்கட்டும் என்று வீட்டு மரத்தில் ஒரு மஞ்சள் ரிப்பனைக் கட்டினார். 1973-ல் பிரபலமான ஒரு பாடல்தான் அவருக்கு அந்த யோசனையைத் தந்தது. பிணைக் கைதிகள் வீடு திரும்ப 444 நாட்கள் ஆயின. அதற்குள் நாடு முழுக்க மரங்களில் மஞ்சள் ரிப்பன் ஏறிவிட்டது.

1991 வளைகுடாப் போரின்போது ராணுவ வீரர்களுக்காக அதே மஞ்சள் ரிப்பன் மறுபடியும் வந்தது. நியூயார்க்கில் 'விஷுவல் எய்ட்ஸ்' என்ற அமைப்பைச் சேர்ந்த கலைஞர்கள் அதைக் கவனித்தார்கள். போருக்குப் போனவர்களை நாடே நினைக்கிறது, எய்ட்ஸால் செத்துக்கொண்டிருப்பவர்களைப் பற்றிப் பேசக்கூட ஆளில்லையே என்பது அவர்களின் ஆதங்கம். சிவப்பு ரிப்பனை மடித்து, ஊக்கு குத்தி, கையாலேயே செய்து விநியோகித்தார்கள். 1991 ஜூனில் டோனி விருது விழாவில் நடிகர் ஜெரமி அயர்ன்ஸ் அதை அணிந்து வந்தார். உலகமே திரும்பிப் பார்த்தது.

அந்தக் கலைஞர்கள் எடுத்த ஒரு முடிவு இங்கே முக்கியம். சிவப்பு ரிப்பனுக்கு அவர்கள் காப்புரிமை வாங்கவில்லை. யார் வேண்டுமானாலும் செய்யலாம், யாரும் இதை வைத்துச் சம்பாதிக்கக் கூடாது என்பது அவர்கள் எண்ணம். முதல் பாதி நடந்தது. இரண்டாவது பாதி நடக்கவில்லை. யாருக்கும் சொந்தமில்லாத சின்னத்தை யார் எடுத்துப் பயன்படுத்தினாலும் தட்டிக் கேட்க ஆளில்லை.

பீச் நிறம் எப்படி பிங்க் ஆனது?

பிங்க் ரிப்பன் முதலில் பிங்க்காக இல்லை. கலிஃபோர்னியா மாநிலம் சிமி வேலியைச் சேர்ந்தவர் சார்லட் ஹேலி. வயது 68. அவருடைய பாட்டி, சகோதரி, மகள் என மூன்று தலைமுறைப் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வந்திருந்தது. 1990-களின் தொடக்கத்தில் அவர் வீட்டுச் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து பீச் பழ நிறத்தில் ரிப்பன்கள் செய்தார். ஓர் அட்டைக்கு ஐந்து ரிப்பன்.

அந்த அட்டையில் அழகான வாசகம் எதுவும் இல்லை. ஒரு கணக்குதான் இருந்தது. அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்துக்கு ஆண்டு பட்ஜெட் 180 கோடி டாலர். அதில் நோய் வராமல் தடுப்பதற்கான வேலைகளுக்குப் போவது வெறும் 5 சதவீதம். நாடாளுமன்ற உறுப்பினர்களைத் தட்டி எழுப்ப இந்த ரிப்பனை அணியுங்கள் என்று கேட்டிருந்தார் ஹேலி. உள்ளூர் சூப்பர் மார்க்கெட்டில் நின்று ஆயிரக்கணக்கான அட்டைகளைத் தன் கையாலேயே கொடுத்தார். பிரபலமான பெண்களுக்குக் கடிதம் எழுதினார். யாரிடமும் பணம் கேட்கவில்லை.

1992-ல் 'செல்ஃப்' என்ற பெண்கள் பத்திரிகை அக்டோபர் மாத சிறப்பிதழுக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. ஆசிரியர் அலெக்சாண்ட்ரா பென்னியும், எஸ்டி லாடர் அழகுசாதன நிறுவனத்தின் எவலின் லாடரும் சேர்ந்து மார்பகப் புற்றுநோய்க்கு ஒரு ரிப்பனைக் கொண்டுவர நினைத்தார்கள். லாடரே அந்த நோயிலிருந்து மீண்டவர். ஹேலியின் ரிப்பனைப் பற்றித் தெரியவந்ததும், சேர்ந்து செய்யலாமா என்று கேட்டார்கள்.

ஹேலி மறுத்துவிட்டார். இது ரொம்ப வியாபாரமாக இருக்கிறது என்பது அவர் சொன்ன காரணம்.

பத்திரிகை வழக்கறிஞர்களிடம் யோசனை கேட்டது. வேறு நிறத்தைத் தேர்ந்தெடுங்கள் என்றார்கள். பிங்க் வந்தது. அந்த இலையுதிர்காலத்தில் எஸ்டி லாடர் கவுன்ட்டர்களில் 15 லட்சம் பிங்க் ரிப்பன்கள் இலவசமாகக் கொடுக்கப்பட்டன. கூடவே ஓர் அட்டையும் இருந்தது. ஆனால் ஹேலியின் பட்ஜெட் கணக்கு அதில் இல்லை. மார்பகத்தைச் சுயபரிசோதனை செய்துகொள்வது எப்படி என்ற விளக்கம் இருந்தது.

நிறம் மட்டும் மாறவில்லை. பீச் ரிப்பன் அரசாங்கத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டது. பிங்க் ரிப்பன் பெண்களைப் பார்த்து அறிவுரை சொன்னது. முதலாவதை வைத்து எந்தக் கம்பெனியும் பொருள் விற்க முடியாது. இரண்டாவதை வைத்து எதையும் விற்கலாம்.

கம்பெனிகளுக்கு இதில் என்ன லாபம்?

இதற்கான பாடம் அதற்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. 1983-ல் நியூயார்க்கின் சுதந்திர தேவி சிலையைச் சீரமைக்கப் பணம் தேவைப்பட்டது. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் ஒரு திட்டத்தோடு வந்தது. கார்டைத் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் 1 சென்ட், புதிதாக ஒரு கார்டு வாங்கினால் 1 டாலர் சிலைக்குப் போகும். சிலைக்கு 17 லட்சம் டாலர் கிடைத்தது. கார்டு பயன்பாடோ கால் பங்குக்கு மேல் கூடியது. 'காஸ் ரிலேட்டட் மார்க்கெட்டிங்' என்ற பெயர் பரவலானது இந்தத் திட்டத்திலிருந்துதான். தமிழில் சொன்னால், நற்காரியத்தை முன்னிறுத்திச் செய்யும் விற்பனை.

சாதாரண நன்கொடைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் எளிமையானது. நன்கொடை என்றால் கம்பெனி தன் லாபத்திலிருந்து கொடுக்கும், நீங்கள் எதையும் வாங்க வேண்டியதில்லை. இதில் நீங்கள் வாங்கினால்தான் அவர்கள் கொடுப்பார்கள். செலவு விளம்பர பட்ஜெட்டிலிருந்து போகும். ஒரே மாதிரி இரண்டு பாக்கெட் ஷெல்ஃபில் இருந்தால், ரிப்பன் போட்டதைத்தான் கை எடுக்கும்.

மார்பகப் புற்றுநோய் இதற்கு வசதியாக அமைந்தது. வீட்டுக்குத் தேவையானதை வாங்குவதில் பெரும்பங்கு பெண்கள்தான். எய்ட்ஸ் அளவுக்கு அப்போது சமூக வெறுப்பும் அரசியல் சண்டையும் இந்த நோயைச் சுற்றி இல்லை. அம்மா, அக்கா, தோழி என்று எல்லோருக்கும் யாரோ ஒருவரை நினைவுபடுத்தும் நோய் இது. யாரும் எதிர்க்க மாட்டார்கள்.

அக்டோபர் விழிப்புணர்வு மாதமே 1985-ல் அமெரிக்கன் கேன்சர் சொசைட்டியும் ஐசிஐ என்ற ரசாயனக் குழுமத்தின் மருந்துப் பிரிவும் சேர்ந்து தொடங்கியது. அந்தப் பிரிவுதான் பின்னாளில் அஸ்ட்ராஜெனிகாவின் ஒரு பகுதியானது. மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் டமாக்சிஃபென் மருந்தைத் தயாரித்தவர்கள் அவர்கள். அந்த மருந்து பல லட்சம் பெண்களின் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது என்பதும் உண்மை. ஆனாலும், சீக்கிரம் கண்டுபிடியுங்கள், சிகிச்சை எடுங்கள் என்பது மேடை முழுவதையும் பிடித்துக்கொண்டது. நோய் ஏன் வருகிறது என்ற கேள்வி பின்வரிசைக்குப் போனது.

120 நாள், 360 கப் தயிர், 36 டாலர்

ஜெனரல் மில்ஸ் நிறுவனத்தின் யோப்லெய்ட் தயிர், பிங்க் மூடிப் பிரசாரத்தைப் பல ஆண்டுகள் நடத்தியது. தயிரைச் சாப்பிட்டுவிட்டு, பிங்க் மூடியைக் கழுவி, கவரில் போட்டு, ஸ்டாம்ப் ஒட்டி அனுப்ப வேண்டும். ஒரு மூடிக்கு 10 சென்ட் சூசன் ஜி. கோமன் அறக்கட்டளைக்குப் போகும்.

சான் பிரான்சிஸ்கோவின் 'பிரெஸ்ட் கேன்சர் ஆக்‌ஷன்' அமைப்பினர் இதற்கு ஒரு கணக்கு போட்டுக் காட்டினார்கள். ஒருவர் தினம் மூன்று கப் வீதம் நான்கு மாதம் விடாமல் சாப்பிட்டால் 360 மூடி சேரும். நன்கொடை 36 டாலர். 'அந்த 36 டாலருக்கு நேரா ஒரு செக் போட்டுடலாமே' என்பதுதான் அவர்கள் கேட்டது. போதாததற்கு, மொத்த நன்கொடைக்கு ஓர் உச்சவரம்பும் வைக்கப்பட்டிருந்தது. அதைத் தாண்டி எத்தனை மூடி வந்தாலும் கூடுதலாகப் பணம் போகாது.

ரிப்பன் போட்ட பொருட்களில் பணம் எப்படிப் போகிறது என்று பார்த்தால் பொதுவாக நான்கு வகை தெரியும்.

• விற்பனைக்கு ஏற்ப: ஒரு பொருளுக்கு இவ்வளவு என்று கம்பெனி சொல்லும். இருப்பதில் இதுதான் நேர்மையான முறை.

• உச்சவரம்போடு: குறிப்பிட்ட தொகை வரைதான் தருவார்கள். அந்த அளவு முதல் வாரமே எட்டியிருந்தாலும் ரிப்பன் பாக்கெட் மாதம் முழுக்க விற்கும்.

• மொத்தமாக ஒரு தொகை: கம்பெனி ஏற்கெனவே கொடுத்து முடித்திருக்கும். நீங்கள் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அதில் ஒரு பைசா மாறாது.

• ஒன்றுமே இல்லை: 'விழிப்புணர்வுக்காக' என்று ரிப்பனை மட்டும் அச்சடித்திருப்பார்கள். யாருக்கும் எதுவும் போகாது. பொதுவான பிங்க் ரிப்பனுக்கு அமெரிக்காவில் தனி உரிமையாளர் இல்லை என்பதால் யாரும் கேட்கவும் முடியாது.

கடையில் நிற்பவருக்கு இந்த நான்கும் ஒரே மாதிரிதான் தெரியும். ரிப்பன் ஒன்றுதான்.

சிக்கன் பக்கெட்டும் டிரில் பிட்டும்

2010-ல் கேஎஃப்சி பிங்க் நிற பக்கெட்டில் சிக்கன் விற்றது. ஒரு பக்கெட்டுக்கு 50 சென்ட் கோமன் அறக்கட்டளைக்கு என்று அறிவிப்பு. மொத்தம் 42 லட்சம் டாலருக்கு மேல் போனது. கோமனின் வரலாற்றில் அதுவரை ஒரே பிரசாரத்தில் வந்த மிகப் பெரிய தொகை அது.

இதில் இரண்டு சிக்கல்கள். ஒன்று, அந்த 50 சென்ட், கடைக்காரர்கள் கம்பெனியிடம் வாங்கிய காலி பக்கெட்டுகளுக்கானது. வாடிக்கையாளர் ஒரு பக்கெட் சிக்கன் கூடுதலாக வாங்கியதால் நன்கொடை கூடவில்லை. சின்ன எழுத்தில் அதை எழுதியும் இருந்தார்கள். இரண்டு, மாதவிடாய் நின்ற பெண்களுக்கு உடல் பருமன் மார்பகப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டுகிறது என்பது மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட விஷயம். அப்படியிருக்க, எண்ணெயில் பொரித்த சிக்கனை பக்கெட் பக்கெட்டாக விற்பதற்கு அந்த நோயின் சின்னமா என்று நோயாளிகள் அமைப்புகள் கொதித்தன.

2014-ல் இன்னும் வேடிக்கையான ஒன்று நடந்தது. எண்ணெய்க் கிணறு துறைக்குக் கருவிகள் தரும் பேக்கர் ஹியூஸ் நிறுவனம் 1,000 டிரில் பிட்களுக்கு பிங்க் பெயின்ட் அடித்து அனுப்பியது. கோமன் அமைப்புக்கு 1 லட்சம் டாலர் நன்கொடையும் தந்தது. பாறையைப் பிளந்து எரிவாயு எடுக்கும் முறையில் பயன்படும் சில ரசாயனங்கள் புற்றுநோயோடு தொடர்புடையவை என்ற சர்ச்சை அமெரிக்காவில் அப்போது சூடாக இருந்தது. பூமிக்கு அடியில் போகும் இரும்புக்கு பிங்க் அடித்தால் யாருக்கு விழிப்புணர்வு வரும் என்று பலரும் கேட்டார்கள்.

இதற்கு ஒரு பெயரே உண்டு: 'பிங்க்வாஷிங்'. ஒரு பக்கம் நோயாளிகளின் தோழனாகக் காட்டிக்கொண்டு, இன்னொரு பக்கம் அதே நோயின் அபாயத்தோடு தொடர்புடைய பொருளை விற்பது. இந்தச் சொல்லைக் கொண்டுவந்ததும் பிரெஸ்ட் கேன்சர் ஆக்‌ஷன்தான். பிங்க் ரிப்பன் போட்ட பொருளை வாங்கும் முன் யோசியுங்கள் என்ற பிரசாரத்தை அவர்கள் 2002-ல் தொடங்கினார்கள்.

கேள்வி கேட்டதால் மாற்றமும் வந்தது. யோப்லெய்ட் தயிருக்கான பால், செயற்கை வளர்ச்சி ஹார்மோன் ஊசி போட்ட மாடுகளிடமிருந்தும் வருகிறது என்று 2008-ல் அவர்கள் பிரசாரம் செய்தார்கள். அந்தப் பாலை நிறுத்துவதாக அடுத்த ஆண்டே ஜெனரல் மில்ஸ் அறிவித்தது. வாடிக்கையாளர் கேட்டால் கம்பெனி அசையும் என்பதற்கு இது ஒரு சாட்சி.

'இருந்தாலும் பணம் வருதுல்ல?'

இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஒரு காலத்தில் மார்பகம், புற்றுநோய் இரண்டையுமே வெளியில் சொல்லக் கூச்சப்பட்டார்கள். நான்சி பிரிங்கர் தன் அக்கா சூசன் கோமனை 1980-ல் இழந்தபோது அக்காவுக்கு வயது 36. 1982-ல் அவர் பெயரில் அறக்கட்டளை தொடங்கியபோது, நிதி கேட்டுப் போன இடங்களில் இந்தப் பேச்சை எடுப்பதே சிரமமாக இருந்தது. இன்று பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூட பிங்க் ரிப்பன் தெரியும். ரிப்பனை அறிமுகப்படுத்திய எவலின் லாடர் 1993-ல் தொடங்கிய ஆராய்ச்சி அறக்கட்டளை இன்றும் விஞ்ஞானிகளுக்குப் பணம் தருகிறது. இதையெல்லாம் இல்லை என்று சொல்ல முடியாது.

எய்ட்ஸ், மலேரியா, காசநோய்க்கு எதிரான குளோபல் ஃபண்டுக்காக 2006-ல் பாடகர் போனோவும் பாபி ஷ்ரைவரும் தொடங்கிய 'பிராடக்ட் ரெட்' இன்னொரு உதாரணம். சிவப்பு ஐபாட், சிவப்பு டி-ஷர்ட் விற்று அதில் ஒரு பங்கைக் கொடுப்பது அந்தத் திட்டம். அடுத்த ஆண்டே 'அட்வர்டைசிங் ஏஜ்' இதழ் ஒரு கணக்கை வெளியிட்டது. விளம்பரத்துக்குச் செலவானது சுமார் 10 கோடி டாலர், திரட்டியது 1.8 கோடி டாலர் என்றது. ரெட் அமைப்பு அந்தக் கணக்கை மறுத்தது. ஆனால் கதை அதோடு முடியவில்லை. அன்று முதல் இதுவரை அந்தத் திட்டம் வழியே குளோபல் ஃபண்டுக்கு 70 கோடி டாலருக்கு மேல் போயிருக்கிறது. ஆப்பிரிக்க நாடுகளில் பலருக்கு எச்.ஐ.வி மருந்து கிடைக்க அது உதவியிருக்கிறது.

ஆக, சின்னம் போட்டு விற்பதெல்லாம் ஏமாற்று என்று சொல்வதும் தவறு, சின்னம் இருந்தாலே நல்லது என்று நம்புவதும் தவறு. பணம் போகும் இடம் ஒன்றே, அது அங்கே செய்யும் வேலை தெளிவு, கணக்கு வெளியில் இருக்கிறது என்றால் பலன் கிடைக்கிறது. இவை இல்லாத இடத்தில் ரிப்பன் வெறும் டிசைன்.

பொருளே விற்காமல் 11.5 கோடி டாலர்

2014 கோடையில் உலகமே தலையில் ஐஸ் தண்ணீரை ஊற்றிக்கொண்டது நினைவிருக்கும். 'ஐஸ் பக்கெட் சேலஞ்ச்' என்று ஃபேஸ்புக் முழுக்க வீடியோ. சும்மா விளம்பரம், தண்ணி வேஸ்ட் என்று கிண்டலும் இருந்தது. ஆனால் அந்த அலையில் அமெரிக்காவின் ஏஎல்எஸ் அசோசியேஷனுக்கு வந்தது 11.5 கோடி டாலர். நரம்பு செல்களைச் சிதைக்கும் அந்த நோயோடு தொடர்புடைய நெக்1 என்ற மரபணுவை 2016-ல் விஞ்ஞானிகள் அடையாளம் கண்டார்கள். அந்த ஆராய்ச்சிக்கு இந்தப் பணமும் உதவியது.

வித்தியாசம் எங்கே? அதில் எந்தப் பொருளும் இல்லை. ஊற்று அல்லது பணம் கொடு, முடிந்தால் இரண்டும் செய் என்பதுதான் விளையாட்டு. கொடுத்த பணம் நேராகப் போனது.

ஒரு சின்னத்தைத் தனி மனிதரோடு கட்டிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மஞ்சள் ரப்பர் வளையம் சாட்சி. சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் புற்றுநோய் அறக்கட்டளைக்காக 2004-ல் நைக்கியோடு சேர்ந்து வந்த 'லைவ்ஸ்ட்ராங்' வளையம், ஒரு டாலர் வீதம் 8 கோடிக்கும் அதிகமாக விற்றது. நம் ஊர் கல்லூரிகளிலும் அதன் நகல் சக்கைப்போடு போட்டது. நகலை வாங்கிய காசில் ஒரு பைசாகூட எந்த நோயாளிக்கும் போகவில்லை என்பது வேறு விஷயம். 2012-ல் ஊக்கமருந்து விவகாரத்தில் ஆம்ஸ்ட்ராங்கின் பட்டங்கள் பறிக்கப்பட்டன. அடுத்த ஆண்டு நைக்கி அந்த வரிசைப் பொருட்களை நிறுத்துவதாக அறிவித்தது. நோயாளிகளுக்கு உதவும் வேலையை அந்த அறக்கட்டளை விடவில்லை. கைகளிலிருந்து வளையம் மட்டும் கழன்றது.

சிரிக்கும் முகங்களில் இல்லாதவர்கள்

பிங்க் விளம்பரங்களில் வரும் பெண்கள் எல்லோரும் ஜெயித்தவர்கள். ஓட்டப் பந்தயத்தில் கையை உயர்த்திச் சிரிப்பார்கள். நோய் எலும்புக்கும் நுரையீரலுக்கும் பரவி, வாழ்நாள் முழுக்க சிகிச்சையில் இருப்பவர்கள் அந்தப் படத்தில் வர மாட்டார்கள். உயிரைப் பறிப்பது பெரும்பாலும் இப்படிப் பரவிய புற்றுநோய்தான். 'நாங்க சீக்கிரம் கண்டுபிடிக்கலைன்னா, அது எங்க தப்பா?' என்ற வலி அவர்களுக்கு உண்டு. சீக்கிரமே கண்டுபிடித்து சிகிச்சை எடுத்த சிலருக்கும் நோய் பல ஆண்டு கழித்துத் திரும்பி வருகிறது. அக்டோபர் 13-ஐ பரவிய மார்பகப் புற்றுநோய்க்கான நாள் என்று அமெரிக்க நாடாளுமன்றம் 2009-ல் அறிவித்ததே இந்த நோயாளிகள் போராடியதால்தான்.

எழுத்தாளர் பார்பரா எரன்ரைக் தனக்கு மார்பகப் புற்றுநோய் வந்தபோது, கரடி பொம்மையும் பிங்க் பரிசுகளுமாகத் தன்னைக் குழந்தைபோல நடத்துவதைக் கண்டு எரிச்சலடைந்து 2001-ல் 'ஹார்ப்பர்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். நோய் வந்தவருக்குக் கோபப்படும் உரிமைகூட இல்லையா என்ற விவாதத்தை அது தொடங்கி வைத்தது. பேராசிரியை சமந்தா கிங் 2006-ல் எழுதிய 'பிங்க் ரிப்பன்ஸ், இன்க்.' நூலும், அதே பெயரில் 2011-ல் வந்த கனடா ஆவணப்படமும் அந்த விவாதத்தை இன்னும் பெரிதாக்கின.

நம் ஊரில் நிலைமை என்ன?

அமெரிக்காவில் 'இனிமேலும் என்ன விழிப்புணர்வு' என்று கேட்கலாம். இந்தியாவில் அப்படிக் கேட்க முடியாது. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் 2022 மதிப்பீட்டின்படி, இங்கே ஓராண்டில் சுமார் 1.92 லட்சம் பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் கண்டறியப்படுகிறது. 98 ஆயிரத்துக்கும் அதிகமானவர்கள் இறக்கிறார்கள். பலர் நோய் முற்றிய பிறகுதான் மருத்துவமனைக்கு வருகிறார்கள். கட்டி வலிக்கவில்லையே என்று விட்டுவிடுவது, வீட்டில் சொல்லக் கூச்சம், ஒரு நாள் கூலி போய்விடும் என்ற கவலை எனக் காரணங்கள் பல.

ஆனால் கூச்சத்தையும் கூலியையும் பிங்க் பலூனால் சரிசெய்ய முடியாது. எது வேலை செய்யும் என்பதற்கு மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் ஆய்வு ஒன்று விடை தருகிறது. மும்பையின் எளிய மக்கள் வாழும் பகுதிகளில் சுமார் 1.5 லட்சம் பெண்களை 20 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு அது. 2021-ல் முடிவு வெளியானது. அவர்களில் ஒரு பகுதியினரை, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையால் தொட்டுப் பரிசோதித்தார்கள். மேமோகிராம் மெஷின் கிடையாது. பரிசோதனைக்கு வந்தவர்களில் நோய் ஆரம்ப நிலையிலேயே அதிகமாகப் பிடிபட்டது. 50 வயதைத் தாண்டிய பெண்களிடம் மார்பகப் புற்றுநோய் இறப்பு கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்தது. 50 வயதுக்குக் கீழே அந்தப் பலன் தெரியவில்லை.

தமிழ்நாட்டில் இந்தப் பரிசோதனைக்கு எந்தப் பொருளையும் வாங்க வேண்டியதில்லை. 30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் தொற்றா நோய் பிரிவில் மார்பக, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான ஆரம்பப் பரிசோதனை இலவசம். அலுவலகத்தில் பிங்க் டே கொண்டாடும் எச்.ஆர், அன்றைக்கு ஹவுஸ்கீப்பிங் அக்காக்களுக்கு அரை நாள் சம்பளத்தோடு லீவு கொடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினால், அது கப் கேக்கைவிடப் பெரிய வேலை.

சட்டத்திலும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். இந்தியாவில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் வருமானமோ லாபமோ உள்ள கம்பெனிகள், முந்தைய மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை சமூகப் பொறுப்புக்கு, அதாவது சிஎஸ்ஆருக்குச் செலவிட வேண்டும். தன் பொருளுக்கு மார்க்கெட்டிங் பலன் தேடிச் செய்யும் ஸ்பான்சர்ஷிப்பை அந்தக் கணக்கில் காட்டக் கூடாது என்று 2021-ல் திருத்தப்பட்ட விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. அதாவது சேவை வேறு, விளம்பரம் வேறு என்பதைச் சட்டமே பிரித்து வைத்திருக்கிறது.

வாங்கும் முன் என்ன பார்க்கலாம்?

2012-ல் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம், இப்படி விற்கும் கம்பெனிகளுக்குச் சில வழிமுறைகளை வெளியிட்டது. ஒரு பொருளுக்கு எவ்வளவு போகிறது, எந்த அமைப்புக்குப் போகிறது, உச்சவரம்பு உண்டா என்பதை வாங்குபவர் கண்ணில் படும்படி எழுத வேண்டும், முடிந்ததும் எவ்வளவு திரண்டது என்று சொல்ல வேண்டும் என்பது அவற்றின் சாரம். அதையே நம் வசதிக்கு இப்படி மாற்றிக்கொள்ளலாம்:

• பாக்கெட்டில் தொகை எழுதியிருக்கிறதா? 'வருமானத்தில் ஒரு பகுதி' என்று மட்டும் இருந்தால், அந்தப் பகுதி ஒரு பைசாவாகவும் இருக்கலாம்.

• எந்த அமைப்புக்குப் போகிறது என்று பெயர் இருக்கிறதா? அந்த அமைப்பு தன் வரவு செலவுக் கணக்கை இணையதளத்தில் போட்டிருக்கிறதா?

• அந்தப் பணம் எதற்கு? சிகிச்சைக்கா, ஆராய்ச்சிக்கா, பரிசோதனை முகாமுக்கா, இன்னொரு விழிப்புணர்வு நிகழ்ச்சிக்கா?

• உச்சவரம்பும் கடைசித் தேதியும் உண்டா?

• விற்கும் பொருளே அந்த நோயின் அபாயத்தைக் கூட்டுமா? மது கொஞ்சமாகக் குடித்தாலும் மார்பகப் புற்றுநோய் அபாயம் கூடுகிறது. ஆனாலும் பிங்க் ரிப்பன் ஒட்டிய மதுபானங்கள் அமெரிக்காவில் வந்திருக்கின்றன.

• எப்படியும் வாங்கப்போகிற பொருளா? ரிப்பனுக்காகவே வாங்குகிறீர்கள் என்றால், அந்தப் பணத்தை நேராக அமைப்புக்கே அனுப்புவது நல்லது. பதிவு பெற்ற அமைப்பு என்றால் 80ஜி ரசீதும் கிடைக்கலாம்.

இவற்றுக்குப் பதில் பாக்கெட்டில் இல்லையென்றால் கஸ்டமர் கேருக்கு ஒரு மெயில் போடலாம். பதில் சொல்லத் தெரியாத கம்பெனி, அடுத்த அக்டோபரில் ரிப்பன் அச்சடிக்கும் முன் ஒரு தடவை யோசிக்கும்.

சார்லட் ஹேலி 2014-ல் காலமானார். அவர் செய்த பீச் ரிப்பன் இன்று எந்தக் கடையிலும் இல்லை. பணம் எங்கே போகிறது என்று அவர் அந்த அட்டையில் அரசாங்கத்தைக் கேட்டார். 30 ஆண்டுக்குப் பிறகு அதே கேள்வியை அவருடைய ரிப்பனின் வாரிசைப் பார்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது.